ஃபோம் டிரெய்லரின் மேல்தோல் உரிகிறதா, உப்புகிறதா, நெளிகிறதா?

சின்னக் காரின் பின்னால் இழுத்துப் போகும் கண்ணீர்த்துளி வடிவ கேம்பிங் டிரெய்லரை வீட்டிலேயே கட்டுவது அமெரிக்காவில் 1930கள் முதல் நடந்துவருகிறது. அந்தக் காலத்தில் மரச் சட்டம் அடித்து பிளைவுட் போர்த்தினார்கள். இப்போது எடையைக் குறைக்க நினைப்பவர்கள், வீட்டுச் சுவருக்குள் குளிர் தடுக்க வைக்கும் எக்ஸ்பிஎஸ் ஃபோம் பலகையையே சுவராகவும் கூரையாகவும் நிறுத்தி, அதற்கு மேல் ஒரு தோலை ஒட்டிவிடுகிறார்கள். நானும் கனடாவின் ஒன்டாரியோவில் என் கராஜில் 4 அடிக்கு 8 அடி அளவில் ஒன்று கட்டினேன். ஃபோமை வெட்டி நிறுத்த இரண்டு வார இறுதிகள் போதுமானதாக இருந்தது. மேல்தோலுக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதில் பாதிக்கு மேல் ஒட்டியதை உரித்து மறுபடி ஒட்டிய காலம். அந்த வேலையில் கற்றதைத்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

புதியவர்களுக்கு ஒரே ஒரு விளக்கம். ஃபோம் பலகையைக் கையால் வளைத்தாலே முறியும். மெல்லிய துணியையோ தகட்டையோ தனியாகப் பிடித்தால் தொங்கும். இரண்டையும் ஒட்டி, ஃபோமின் மறுபக்கத்திலும் ஒரு தோலை ஒட்டினால் அந்தப் பலகை மேல் ஆள் படுக்கலாம். வளையும்போது ஒரு பக்கத் தோல் இழுபடும், மறுபக்கத் தோல் அழுத்தப்படும், நடுவில் இருக்கும் ஃபோம் இரண்டையும் விலகாமல் பிடித்திருக்கும். ஆகவே பலம் எல்லாம் அந்த ஒட்டில்தான் இருக்கிறது. ஒட்டு விட்டால் தோல் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அது வெறும் போர்வை.

பொதுவாகப் பயன்படும் தோல்கள் நான்கு. கித்தான் துணியை மரப்பசையில் தோய்த்து ஒட்டி, வீட்டு வெளிச்சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் பெயின்ட் பூசுவது முதல் வகை. பூச்சோடு சேர்த்து சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். 6 அவுன்ஸ் கண்ணாடியிழைத் துணியை எபாக்ஸியில், அதாவது ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் பசையில், ஒட்டுவது இரண்டாவது. துணி 200 கிராம், அதை நனைக்க அதே அளவு ரெசின், பிறகு பட்டியும் பெயின்டும். 0.8 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு மூன்றாவது. பசை இல்லாமலே சதுர மீட்டருக்கு 2.2 கிலோ. நான்காவது 3 மில்லிமீட்டர் பிளைவுட், ஒன்றரை முதல் இரண்டு கிலோ. என் டிரெய்லரின் வெளிப்பரப்பு சுமார் 10 சதுர மீட்டர். கித்தானுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே 12 கிலோதான் வித்தியாசம் என்பதால் எடையை மட்டும் பார்த்துத் தோலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எந்தக் கோளாறை உங்களால் சமாளிக்க முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் முதுகைப் பாருங்கள்

எந்தக் கோளாறானாலும் தொடக்கம் ஒன்றுதான். அந்த இடத்தில் கத்தியால் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறி, பட்டித் தகட்டை நுழைத்து, தோலை மெதுவாக உரித்தெடுங்கள். வெளிப்பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் காரணம் தெரியாது. உரித்த துண்டைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள்.

முதுகு முழுக்க ஃபோம் துணுக்குகள் அப்பியிருந்தால் ஒட்டு நல்லது, ஃபோம்தான் கிழிந்திருக்கிறது. அந்த இடத்தில் ஏன் அவ்வளவு பாரம் வந்தது என்று தேடவேண்டும். முதுகு கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால் பசை ஃபோமைப் பிடிக்கவே இல்லை. சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் பொடிந்தால் பசை குளிரில் உலர்ந்திருக்கிறது. மாவு மாதிரி ஃபோம் தூள் படிந்திருந்தால் ஒன்று தேய்த்த தூசியைத் துடைக்காமல் ஒட்டியிருப்பீர்கள், இல்லை வெயிலில் கிடந்து மேல்பரப்பு செத்துப்போன பலகையில் ஒட்டியிருப்பீர்கள். தோலுக்கடியில் குகை மாதிரி காலியாக இருந்தால் ஏதோ ஒரு கரைப்பான் ஃபோமைத் தின்றிருக்கிறது.

கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இந்தத் துண்டுதான் ஆதாரம். அதைத் தூக்கிப் போடாமல் முதுகில் தேதி எழுதி வையுங்கள்.

கித்தான் பட்டையாக உரிந்து வருகிறது

நான் அதிகம் அவதிப்பட்டது இதில்தான்.

அக்டோபரில் ஒரே நாளில் கூரைக்கும் முன்பக்கத்துக்கும் கித்தான் ஒட்டினேன். கூரைக்கு மத்தியானம், முன்பக்கத்துக்கு இருட்டின பிறகு. குளிர்காலம் முழுக்க டிரெய்லர் வெளியே நின்றது. ஏப்ரலில் முன்பக்கக் கீழ் ஓரத்தில் விரல் நகம் அளவுக்குத் துணி தூக்கியிருந்தது. பிடித்து இழுத்தேன். செலோடேப் உரிவது மாதிரி சத்தமே இல்லாமல் ஒரு முழம் வந்துவிட்டது. அக்கா மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உரிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, இது சுண்ணாம்பு மாதிரி கையில ஒட்டுது" என்றான். பசை வெள்ளையாகப் பொடிந்திருந்தது. அப்புறம் சோதனைக்காகக் கூரையில் ஒரு மூலையைக் கீறி இழுத்தேன். அங்கே கரகரவென்று ஃபோம் கிழியும் சத்தம், துணியின் முதுகில் இளஞ்சிவப்புத் துணுக்குகள். அதே பசை, அதே துணி, அதே நாள். மாறியது வெப்பநிலை மட்டும்தான்.

மஞ்சள் மரப்பசைகளுக்கெல்லாம் ஒரு கீழ் எல்லை உண்டு. டைட்பாண்ட் 2 என்றால் ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸ், டைட்பாண்ட் 3 என்றால் 8 டிகிரி. அதற்குக் கீழே போனால் பசையிலிருக்கும் துகள்கள் ஒன்றோடொன்று கூடிப் படலமாகாமல் தனித்தனியாகக் காய்ந்து வெளுத்துவிடும். பார்க்க உலர்ந்த மாதிரிதான் இருக்கும், பலம் இருக்காது. காற்றின் வெப்பம் மட்டும் போதாது, பலகையும் பசையும் துணியும்கூட அந்தச் சூட்டில் இருக்கவேண்டும். ஒட்டிய பிறகு ராத்திரி எவ்வளவு இறங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அதைப் பார்க்கவில்லை.

முதுகு வழவழப்பாக இருந்தால் காரணம் வேறு. எக்ஸ்பிஎஸ் பலகை அச்சிலிருந்து வரும்போதே அதன்மேல் ஒரு மெல்லிய, பளபளப்பான படலம் இருக்கும். தண்ணீர் கலந்த எந்தப் பசையும் அதில் ஊன்றாது. 60 நம்பர் உப்புத்தாளாலோ கம்பி பிரஷ்ஷாலோ அந்தப் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேய்க்கவேண்டும். பழைய வால்பேப்பரை எடுக்கச் சுவரில் உருட்டும் முள் உருளை கிடைத்தால் அதையும் ஒருமுறை ஓட்டுங்கள். அந்தச் சின்ன ஓட்டைகளுக்குள் பசை இறங்கிக் காய்ந்தால் ஆயிரம் ஆணி அடித்த மாதிரி பிடிக்கும். தேய்த்தபின் தூசியை வாக்யூமால் உறிஞ்சி, ஈரத்துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும்.

துணியிலும் கோளாறு இருக்கலாம். பெயின்ட் சிந்தாமல் தரையில் விரிக்க விற்கும் கித்தானில் சிலவற்றுக்கு முதுகில் பிளாஸ்டிக் பூச்சோ நீர் ஒட்டாத மெழுகோ இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே ஊறினால் சரி. முத்து மாதிரி நின்றால் அந்தத் துணி வேண்டாம்.

பழுது பார்க்கும்போது உரிந்த இடத்தோடு நிறுத்தாமல், கரகர சத்தம் கேட்கும் இடம்வரை உரித்துவிடுங்கள். பழைய பசையை முழுக்கச் சுரண்டித் தேய்த்து, ஃபோமில் பசை தடவி, புதுத் துணியைப் படிய வைத்து, மேலேயும் நெசவு நனையும் அளவு பசை தடவுங்கள். நல்ல துணியின் மேல் 5 சென்டிமீட்டராவது ஏறியிருக்கவேண்டும். முதல் பூச்சில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் ஊறுவது சுலபம், அதிகம் சேர்த்தால் பலம் போய்விடும். இன்னொன்று: டைட்பாண்ட் 3ஐத் தண்ணீர் புகாத பசை என்று விற்றாலும் தொடர்ந்து தண்ணீரில் கிடக்கும் இடத்துக்கு அது ஏற்றதல்ல என்று தயாரிப்பாளரே சொல்கிறார். மழையைத் தடுப்பது மேலே இருக்கும் பெயின்ட்தான். அதில் மயிரிழை விரிசல் கண்டாலும் அதே வாரம் பூசிவிடுங்கள்.

ஒட்டி ஒரு மணி நேரத்தில் கொப்புளம் கொப்புளமாக எழுகிறது

எத்தனை மணிக்கு ஒட்டினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். காலையில் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அதுவே காரணம். வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் தேய்த்துத் திறந்த ஃபோமின் குழிகளிலும் பலகை இணைப்புகளிலும் இருக்கும் காற்று விரிந்து, ஈரமாக இருக்கும் எபாக்ஸியைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். பகல் உச்சி தாண்டி வெப்பம் இறங்கத் தொடங்கிய பிறகு ஒட்டினால் அதே காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுக்கும். வெயில் படும் இடத்தில் ஒட்டவே வேண்டாம்.

கண்ணாடியிழைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃபோம் குழிகள் காலியாக இருக்கும்போது மேலே துணியைப் போட்டால் ரெசின் குழிக்குள் இறங்கி, துணி பசியோடு நின்றுவிடும். துணி ஒளிபுகும்படி தெளிவாக இல்லாமல் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் அப்படி ரெசின் போதாத இடம். இதற்கு ஒரு பழைய, நல்ல வழி இருக்கிறது. அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ருட்டான், வீட்டில் கட்டும் விமானங்களுக்காக அச்சு இல்லாமல் ஃபோமை வெட்டி அதன்மேலேயே கண்ணாடியிழை போர்த்தும் முறையைப் பரப்பினார். 1975இல் பறந்த வேரிஈஸியும் 1979இல் பறந்த லாங்ஈஸியும் அப்படிக் கட்டியவைதான். அந்த முறையில் எபாக்ஸியில் நுண்ணிய கண்ணாடிக் குமிழித் தூளைக் கலந்து, பாயசப் பதத்தில் ஃபோம் மேல் ஒரு கை இழுத்து, குழிகளை அடைத்த பிறகுதான் துணி வைப்பார்கள். தூள் காற்றை அடைத்த கண்ணாடி என்பதால் எடை ஏறாது. நானும் இரண்டாவது முறை முன்பக்கத்தை இப்படித்தான் செய்தேன். கொப்புளம் ஒன்றுகூட வரவில்லை.

ஏற்கெனவே வந்த கொப்புளத்தை என்ன செய்வது? காசு அளவுக்குள் இருந்தால் இரு முனையிலும் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, ஒன்றில் ஊசியால் எபாக்ஸி செலுத்தி, மற்றதில் வெளிவந்ததும் டேப் ஒட்டிவிடுங்கள். உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக இருந்தால் வெட்டி எடுத்து, ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, புதுத்துண்டு வைப்பதுதான் சரி.

தோலுக்கடியில் ஃபோம் கரைந்து குழி விழுந்திருக்கிறது

எக்ஸ்பிஎஸ் என்பது பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்தான். அது அசிட்டோன், டொலுவீன், சைலீன், பெட்ரோல் எல்லாவற்றிலும் கரையும். பாலியெஸ்டர் ரெசினிலும் வினைல் எஸ்டர் ரெசினிலும் ஸ்டைரீன் இருப்பதால் அவையும் கரைத்துவிடும். படகுக் கடையில் எபாக்ஸியைவிட மலிவாகக் கிடைக்கிறதே என்று பாலியெஸ்டரை வாங்கி நேராக ஃபோம் மேல் ஊற்றினால் கண்ணெதிரே பலகை உள்வாங்கும். எபாக்ஸி கரைக்காது.

இதே காரணத்தால் கார் பட்டறைகளில் உபயோகிக்கும் பாலியெஸ்டர் பட்டியை வெறும் ஃபோமில் வைக்கக்கூடாது. எபாக்ஸி முழுக்க இறுகிய பிறகு அதன் மேல் வைத்தால் பாதகமில்லை. ஸ்பிரே பெயின்டும், தகடு ஒட்டப் பயன்படும் சாதாரண கான்டாக்ட் சிமென்ட் பசையும் இதே ஆபத்து. டப்பாவில் பாலிஸ்டைரினுக்கு ஏற்றது என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கரைப்பான் எதுவும் படவில்லை, ஆனாலும் குழி இருக்கிறது என்றால் சூட்டைச் சந்தேகப்படுங்கள். எபாக்ஸி இறுகும்போது சூடு கிளம்பும். பரப்பில் மெல்லிசாக இருக்கும்போது அது தெரியாது. ஒரு பெரிய பள்ளத்தை நிரப்ப ஒரே மூச்சில் ஊற்றினால் அந்தச் சூடே சுற்றியுள்ள ஃபோமை உருக்கிவிடும். எக்ஸ்பிஎஸ் தாங்குவது 74 டிகிரி வரைதான். பள்ளத்தை ஃபோம் துண்டு வைத்து அடைத்துவிட்டு மிச்ச இடுக்கை மட்டும் பட்டியால் நிரப்புங்கள்.

பலகை வில்லாக வளைந்துவிட்டது

ஒரு பக்கம் மட்டும் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். கித்தான் உலரும்போது சுருங்கி இழுக்கும். மறுபக்கம் தோல் இல்லாததால் எதிர்த்து இழுக்க ஆளில்லை. உடனே மறுபக்கத்திலும் அதே துணி, அதே பசை, முடிந்தால் அதே நாளில். வளைந்ததைத் தரையில் எதிர்ப்பக்கமாக எடை வைத்து நேராக்கி வைத்துக்கொண்டே இரண்டாம் பக்கத்தை ஒட்டினால் பெரும்பாலும் திரும்பிவிடும். சட்டத்தில் பொருத்திய பிறகு ஒட்டினால் இந்தத் தொல்லை குறைவு.

அலுமினியம் நெளிகிறது, வெயிலில் டப் டப் என்று சத்தம் போடுகிறது

வெயில் ஏறும்போது தகடு நீள்கிறது, போக இடமில்லாமல் வெளியே புடைக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிகிரிக்கு அலுமினியம் மீட்டருக்கு 0.023 மில்லிமீட்டர் நீளும். ஜனவரியில் மைனஸ் 20இல் நிற்கும் 8 அடித் தகடு ஜூலை வெயிலில் 50 டிகிரி தொட்டால் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். நான்கு ஓரமும் ஸ்க்ரூ அடித்து இறுக்கியிருந்தால் அந்த 4 மில்லிமீட்டர் நடுவில் அலையாகத்தான் வரும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, தகட்டை ஃபோமோடு ஒட்டாமல் மிதக்க விடுவது. ஓரங்களில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) வைத்து, அதன்மேல் ஓரப்பட்டி அடித்து, ஸ்க்ரூ ஓட்டைகளைத் தகட்டில் நீள்வட்டமாகப் போட்டால் தகடு தன்பாட்டுக்கு நகரும். சத்தம் போகும், ஆனால் அந்தத் தகடு பலத்துக்கு உதவாது. அடியில் வேறு தோல் இருந்தாக வேண்டும். இரண்டாவது, முழுப்பரப்பிலும் பாலியூரிதேன் பசையால் ஒட்டுவது. இதில் ஒரு சிக்கல் பலரும் கவனிப்பதில்லை. அந்தப் பசை இறுகக் காற்றின் ஈரம் வேண்டும். ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் எக்ஸ்பிஎஸ். ஈரம் எந்தப் பக்கமிருந்தும் வராது. ஓரத்தில் கல்லாக இருக்கும், நடுவில் வாரக்கணக்கில் பேஸ்ட்டாகவே கிடக்கும். உரித்துப் பார்த்து முதுகு இன்னும் பிசுபிசுத்தால் இதுதான் காரணம். ஒட்டும்முன் ஃபோம் மேல் தண்ணீரை லேசாக ஸ்பிரே பண்ணிவிட்டு, பல் வைத்த தகட்டால் பசையை வரிவரியாக இழுத்து ஒட்டுங்கள். தகட்டின் முதுகையும் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்துவிட்டு ஒட்டவேண்டும்.

ஒன்டாரியோ மாதிரி குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் இடத்தில் அலுமினியத்துக்கு இன்னொரு எதிரி உண்டு. ஸ்டீல் ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பூ பூத்து, பெயின்ட் குமிழி விட்டிருந்தால் இரண்டு உலோகங்களுக்கு நடுவில் உப்பு நீர் புகுந்து அலுமினியத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூவை எடுத்து, பியூட்டைலோ நைலான் வாஷரோ இடையில் வைத்துத் திரும்பப் போடுங்கள். அடிச்சட்டத்துக்குச் செம்பு மருந்து ஏற்றிய பச்சை நிற மரம் போட்டிருந்தால் அதுவும் அலுமினியத்தை அரிக்கும். இரண்டும் நேராகத் தொடக்கூடாது.

என் கருத்தில், தட்டையான பக்கச் சுவருக்கு அலுமினியம் அழகு. வளைந்த கூரைக்கு அது முதல்முறை கட்டுபவர்களுக்கு ஏற்றதல்ல.

எபாக்ஸி இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது

நகத்தால் அழுத்துங்கள். தடம் பதிந்தால் இறுகவில்லை. ரெசினும் ஹார்டனரும் சேர்ந்த விகிதம் தவறு, சரியாகக் கிளறவில்லை, இல்லை குளிர். விகிதம் சில எபாக்ஸிகளுக்கு 5க்கு 1, சிலவற்றுக்கு 2க்கு 1. கன அளவில் சொன்ன விகிதத்தைத் தராசில் அளந்தால் தப்பாகிவிடும், இரண்டின் அடர்த்தியும் வேறு. குளிர்தான் காரணமென்றால் கராஜைச் சூடாக்கி இன்னும் இரண்டு நாள் பொறுங்கள், இறுகிவிடும். விகிதம் தவறியது எத்தனை நாள் ஆனாலும் இறுகாது. சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. மேலே இன்னொரு கோட் போட்டு மூடிவிடாதீர்கள்.

நகம் பதியவில்லை, ஆனால் தொட்டால் சோப்பு மாதிரி வழுக்குகிறது என்றால் கோளாறு சின்னது. ஈரக் காற்றில் ஹார்டனர் மேலே தள்ளிய மெழுகுப் படலம் அது. வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும். கழுவிய பிறகுதான் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகை எபாக்ஸிக்குள்ளேயே தேய்த்து ஏற்றிவிடுவீர்கள், பெயின்ட் ஒட்டாமல் உரியும்.

வெயில் நாளில் நெசவும் இணைப்புக் கோடுகளும் தெரிகின்றன

என்ன நிறம் பூசினீர்கள்? சாதாரண அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸிகள் பெரும்பாலும் 50, 60 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும். கருநீலமோ கரும்பச்சையோ பூசிய பரப்பு கோடை வெயிலில் 70ஐத் தொடும். ஃபோமின் எல்லையும் அதற்குப் பக்கத்தில்தான். அந்தச் சூட்டில் ரெசின் இளகித் துணியின் நெசவு எழும்பித் தெரியும், பலகைகள் சேரும் இடத்தில் கோடு விழும். ருட்டான் வழியில் கட்டிய விமானங்கள் வெள்ளை வெள்ளையாக நிற்பதற்கும் இந்தச் சூடுதான் காரணம். வெள்ளை, தந்த நிறம், வெளிர்சாம்பல் ஆகியவற்றில் ஒன்றைப் பூசுங்கள். நிறம் வேண்டுமென்றால் பக்கச் சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரு பட்டை அடித்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் அடிக்காமல் எபாக்ஸியை அப்படியே விட்டிருந்தால் அது மஞ்சளாகி, பிறகு சுண்ணாம்பாக உதிரும். கீழே ஃபோமும் வெயில்பட்டுப் பொடியும். ஒட்டி முடித்த அந்தக் கோடைக்குள் பெயின்ட் ஏறியாக வேண்டும்.

இணைப்புக் கோடு விரிசலாகவே ஆகிவிட்டது என்றால் பெயின்டால் மூடிப் பயனில்லை. உள்ளே எதை வைத்து நிரப்பினீர்கள் என்று தோண்டிப் பாருங்கள். வீட்டுச் சுவருக்குப் பூசும் தண்ணீர் பட்டியாக இருந்தால் அது ஈரத்தில் ஊறி, உப்பி, குளிரில் வெடித்திருக்கும். முழுக்கச் சுரண்டி எடுத்து, எபாக்ஸியில் குமிழித் தூள் கலந்து அடைத்து, மேலே 10 சென்டிமீட்டர் அகலத்தில் கண்ணாடியிழை நாடா ஒட்டுங்கள். கித்தான் டிரெய்லருக்கும் மூலைகளிலும் இணைப்புகளிலும் இந்த நாடாவை முதலில் போட்டு, அதைத் தேய்த்துவிட்டு மேலே கித்தான் ஒட்டுவது நான் மனமார வற்புறுத்தும் ஒன்று.

தொட்ட இடமெல்லாம் பள்ளம்

கடையில் கிடைக்கும் 25 பிஎஸ்ஐ ஃபோம் தாங்குவது சுமார் 172 கிலோபாஸ்கல் அழுத்தம். 60 கிலோ ஆள் ஒற்றைக் குதிகாலில் நின்றால் ஏறக்குறைய 235 கிலோபாஸ்கல் வரும். ஒரே அடுக்குத் துணி அந்தப் பாரத்தைப் பரப்பாது. ஆலங்கட்டி மழைக்கும் மரக்கிளைக்கும் இதே கதைதான். கூரையின் முன் வளைவுக்கும், சக்கரத்திலிருந்து கல் தெறிக்கும் கீழ் முன்பக்கத்துக்கும் இரண்டு அடுக்கு போடுங்கள், மற்ற இடங்களுக்கு ஒன்று போதும். கதவுக் கீல், ஜன்னல், கூரைக் கம்பி எல்லாம் பொருந்தும் இடத்தில் ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு பிளைவுட் கட்டையை எபாக்ஸியில் பதித்து, அதற்கு மேல் தோல் போகவேண்டும். வெறும் ஃபோமில் அடித்த ஸ்க்ரூ முதல் குண்டு குழியிலேயே ஆட ஆரம்பிக்கும்.

பிளைவுட் தோல்தான் பள்ளத்துக்கு நன்றாகத் தாங்கும். அதற்குப் பதிலாக அதன் வெட்டு ஓரங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜன்னலைச் சுற்றி பெயின்ட் அலையடித்தால் ஓரம் தண்ணீர் குடித்திருக்கிறது. ஓரத்துக்கு எபாக்ஸியை இரண்டு மூன்று முறை, குடிப்பது நிற்கும்வரை கொடுங்கள்.

உள்ளே சுவர் வியர்க்கிறது, கித்தானில் கரும்புள்ளி

கூரையில் ஓட்டை தேடாதீர்கள். இரண்டு பேர் ராத்திரி முழுக்க விடும் மூச்சுதான் அது. இரண்டு எதிர்மூலைகளில் காற்று வழி விடுங்கள். புள்ளி உள்பக்கக் கித்தானில் மட்டும் இருந்தால் கழுவிக் காயவைத்து, பூஞ்சை தடுக்கும் பெயின்ட் பூசலாம்.

உள்பக்கத் தோலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். பாலிஸ்டைரின் எரியும், கரும்புகை விட்டு எரியும். வட அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகள் இந்த ஃபோமை அறைப்பக்கம் வெறுமனே விட அனுமதிப்பதில்லை, அரை அங்குல ஜிப்சம் பலகையோ அதற்கு இணையானதோ மூடவேண்டும். டிரெய்லரில் அவ்வளவு எடை போட முடியாது. அதனால் அடுப்பு, மெழுகுவர்த்தி, எரிவாயு ஹீட்டர் எதுவும் உள்ளே வேண்டாம். சமையல் பின்கதவுக்கு வெளியே. படுக்கையிலிருந்து இரண்டு வழியாக வெளியேற முடியவேண்டும்.

கோளாறு ஒன்றும் இல்லை, இன்னும் ஒட்டவே ஆரம்பிக்கவில்லை

அப்படியென்றால் ஒரு மாதம் பொறுங்கள். மிச்சமான ஃபோமில் ஓர் அடிக்கு ஓர் அடி எட்டுத் துண்டு வெட்டுங்கள். நீங்கள் யோசிக்கும் தோல்களை, உங்கள் கையாலேயே, உங்கள் கராஜிலேயே, நிஜமாக ஒட்டப்போகும் அதே பசையால் ஒட்டுங்கள். தேய்த்த ஃபோமில் ஒன்று, தேய்க்காததில் ஒன்று. இரண்டு பக்கமும் ஒட்டிப் பெயின்டும் அடித்துவிடுங்கள். ஒரு வாரம் காய்ந்ததும் ஒரு நாள் வாளித் தண்ணீரில் ஊறப்போடுங்கள், ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள், ஒரு முழுப்பகல் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் வெயிலில் வையுங்கள். இதை மூன்று முறை திருப்பிச் செய்த பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு மூலையைக் கீறி, பட்டித் தகட்டை நுழைத்து இழுத்து, கரகரவென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.